ரெட்டைப் பிள்ளை யார் வழி?

சின்ன வயதில் கல்யாணப் பந்திகளில் நடக்கும் கூத்து இது. பரிமாறுகிற வாழைப்பழத்தில் ரெண்டு பழம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், பெண்பிள்ளைகளின் இலையில் இருந்து அதைப் பெரியம்மா டக்கென்று எடுத்துவிடுவார். "ரெட்டைப்பழம் திங்காதடி, ரெட்டைப் புள்ள பொறக்கும்." எடுத்த பழம் நேராக என் இலைக்கு வந்துவிடும். ஆம்பளைப் பிள்ளை தின்றால் ஒன்றும் ஆகாதாம். அந்த வகையில் நான் தின்று தீர்த்த ரெட்டைப்பழங்களுக்குக் கணக்கே இல்லை :-)

இந்தக் கதை போன வருஷம் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. என் சித்தி மகளுக்கு வளைகாப்பு. எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தரித்த கரு, ஸ்கேனில் ரெண்டு என்று சொல்லிவிட்டார்கள். வந்த கூட்டமெல்லாம் அவள் வயிற்றையே பார்க்கிறது. அவளுக்கோ உள்ளுக்குள் உதறல். குறைமாதத்தில் பிறக்கலாம், எடை குறைவாக இருக்கலாம் என்று டாக்டரம்மா ஏற்கெனவே எச்சரித்திருந்தார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எங்க மாமனாரும் அவுக அண்ணனும் ரெட்டை. எங்க வம்சத்துல இது ஒண்ணும் புதுசில்ல. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும்."

கூட்டம் தலையாட்டியது. தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. ராத்திரி என்னிடம் மட்டும் கேட்டாள். "ஏண்ணே, சுமக்கறது நானு. இது அவங்க வம்சமா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. தேட ஆரம்பித்தேன். தேடப் போனால், இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இரட்டையரில் ரெண்டு சாதி உண்டு. ஒரே கருமுட்டை கருவாகி, பிறகு ரெண்டாகப் பிரிந்து உண்டாகிறவர்கள் ஒரு சாதி. அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள், ரெண்டும் ஆண் அல்லது ரெண்டும் பெண். இன்னொரு சாதி, ஒரே மாதத்தில் அம்மாவிடம் ரெண்டு கருமுட்டைகள் வெளிவந்து, ரெண்டும் தனித்தனியாகக் கருவாவது. இவர்கள் சாதாரண அண்ணன் தங்கச்சி மாதிரிதான், வயிற்றுக்குள் ஒன்றாகக் குடியிருந்தவர்கள், அவ்வளவே. ஆணும் பெண்ணுமாகவும் பிறக்கலாம்.

முதல் வகை உலகம் பூராவும் ஏறக்குறைய ஒரே அளவு. 1000 பிரசவத்துக்கு சுமார் 4. நாடு, இனம், சாப்பாடு எதுவும் இதைப் பெரிதாக மாற்றுவதில்லை. ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறுவது ரெண்டாவது வகைதான். ஆசியாவில் குறைவு, ஆப்பிரிக்காவில் அதிகம். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் மிக அதிகம். ஆக, "வம்சத்துல ஓடுது" என்று சொல்வது பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகைக்குத்தான் பொருந்தும்.

இன்றைக்கு டி.என்.ஏ. சோதனை செய்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும். 1900-ல் என்ன செய்வது? அதுவும் செத்துப்போன இரட்டையர்களை, பதிவேட்டில் வெறும் பெயராக இருப்பவர்களை எப்படிப் பிரிப்பது?

இங்கேதான் நம்ம கதாநாயகர் வருகிறார். வில்ஹெல்ம் வைன்பெர்க். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து டாக்டர், பிறந்தது 1862-ல். பல்கலைக்கழகப் பேராசிரியர் எல்லாம் இல்லை. ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த, பிரசவம் பார்த்த மனிதர். வாழ்நாளில் 3500-க்கு மேல் பிரசவம் பார்த்திருக்கிறார், அதில் 120-க்கு மேல் இரட்டைப் பிரசவம். ஓடி ஓடிப் பிரசவம் பார்த்துவிட்டு வந்து ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்.

1901-ல் அவர் வெளியிட்ட கணக்கு சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆணும் பெண்ணுமாகப் பிறந்த ஜோடி நிச்சயமாக ரெண்டு முட்டை வகை. ரெண்டு முட்டை வகையில் பாதி ஜோடிகள் ஆண்-பெண்ணாக இருக்கும், மீதிப் பாதி ஆண்-ஆண் அல்லது பெண்-பெண். நாணயத்தை ரெண்டு தடவை சுண்டிவிடுகிற கணக்குத்தான். அப்படியானால், ஆண்-பெண் ஜோடிகளின் எண்ணிக்கையை ரெண்டால் பெருக்கினால் ரெண்டு முட்டை வகை மொத்தமும் கிடைத்துவிடும். மீதி எல்லாம் ஒரு முட்டை வகை. உதாரணத்துக்கு, 100 ஜோடியில் 35 ஆண்-பெண் என்றால், 70 ரெண்டு முட்டை, 30 ஒரு முட்டை. யார் எந்த வகை என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது. ஆனால் மொத்தத்தில் எத்தனை என்று சொல்லிவிடலாம். ரத்தம் எடுக்காமல், மைக்ராஸ்கோப் இல்லாமல், வெறும் பதிவேட்டை வைத்து!

அந்தப் பதிவேடு விஷயம் முக்கியம். ஸ்டுட்கார்ட் இருக்கிற வூர்ட்டெம்பெர்க் பகுதியில் குடும்பப் பதிவேடு என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். கணவன், மனைவி, இருவருடைய பெற்றோர், பிறந்த எல்லாப் பிள்ளைகள், பிறந்து இறந்தவர்கள் உட்பட. மனைவியின் பிறந்த வீட்டுக்கும் அந்தப் பக்கத்தில் இருந்து வழி உண்டு. வைன்பெர்க் அதைப் பிடித்துக்கொண்டு போனார். இரட்டைப் பிள்ளை பெற்றவளின் அம்மா, அக்கா தங்கச்சி, மகள்கள் ஆகியோருக்கு எத்தனை இரட்டைப் பிரசவம் என்று எண்ணினார். ரெண்டு முட்டை வகை குடும்பத்தில் ஓடுகிறது, ஒரு முட்டை வகை அப்படி ஓடவில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

அதோடு விடவில்லை. மெண்டலின் பட்டாணிச் செடி ஆராய்ச்சி மறந்துபோய்க் கிடந்து, 1900-ல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்திருந்தது. இரட்டைப் பிள்ளை பெறும் தன்மை மெண்டல் சொன்ன விதிப்படி வருகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டார். அதற்கு ஒரு மக்கள் கூட்டத்தில் ஒரு மரபுத்தன்மை தலைமுறை தலைமுறையாக எந்த விகிதத்தில் நிற்கும் என்று தெரியவேண்டும். அந்தச் சமன்பாட்டை அவரே போட்டார். 1908 ஜனவரி 13-ந் தேதி ஸ்டுட்கார்ட்டில் ஒரு கூட்டத்தில் பேசினார்.

அதே 1908-ல் கேம்பிரிட்ஜில் ஒரு கணித மேதை, அதே சமன்பாட்டைத் தனியாகக் கண்டுபிடித்து வெளியிட்டார். யார் தெரியுமா? நம்ம ராமானுஜத்தை கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தாரே, அதே ஜி.எச்.ஹார்டிதான்! வைன்பெர்க் எழுதியது ஜெர்மனில். ஆங்கிலம் பேசும் உலகம் 35 வருஷம் அதை "ஹார்டி விதி" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 1943-ல் கர்ட் ஸ்டெர்ன் என்ற மரபியலாளர் பழைய கட்டுரையைத் தூசி தட்டி எடுத்துக் காட்டிய பிறகுதான் ஹார்டி-வைன்பெர்க் விதி என்று பெயர் வந்தது. வைன்பெர்க் 1937-லேயே இறந்துபோயிருந்தார். இன்றைக்கு காலேஜில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் மனப்பாடம் செய்கிற விதி. அது ஒரு பிரசவ டாக்டரின் இரட்டைப் பிள்ளைக் கணக்கில் இருந்து வந்தது என்று என் காலேஜில் யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, குடும்பத்தில் ஓடுகிறது. அம்மா வழியா, அப்பா வழியா? தங்கச்சியின் கேள்வி அதுதானே.

இதற்கு நல்ல பதில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்து வந்தது. அங்கே மார்மன் சபையினர், தங்கள் முன்னோரைத் தேடி எடுத்து எழுதி வைப்பதை ஒரு சமயக் கடமையாகவே வைத்திருப்பவர்கள். சால்ட் லேக் சிட்டியில் அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் வம்சாவளி ஏடுகள் உலகப் பிரசித்தம். 1964-ல் கோலின் ஒயிட், கிரேஸ் வைஷாக் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் அந்த ஏடுகளில் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. ரெண்டு முட்டை இரட்டையராகப் பிறந்த ஒரு பெண்ணுக்கு இரட்டைப் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு எவ்வளவு? அப்படிப் பிறந்த ஓர் ஆணின் மனைவிக்கு எவ்வளவு?

பெண்ணுக்கு: ஏறக்குறைய 60 பிரசவத்துக்கு ஒன்று. ஆணின் மனைவிக்கு: சுமார் 125-க்கு ஒன்று. பாதிக்கும் கீழே.

யோசித்துப் பார்த்தால் காரணம் நேரடியாகவே இருக்கிறது. ஒரே மாதத்தில் ரெண்டு முட்டை வருவதா ஒன்று வருவதா என்பது பெண்ணின் சினைப்பையில் முடிவாகிறது. கணவனின் பரம்பரையில் எத்தனை இரட்டையர் இருந்தாலும், அந்த மரபணு மனைவியின் சினைப்பைக்குள் போய் வேலை செய்ய வழியில்லை.

அப்படியென்றால் ஆணுக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. அவனும் தன் அம்மாவிடம் இருந்து அந்த மரபணுவை வாங்கி வைத்திருப்பான். அது அவனிடம் சும்மா கிடக்கும். மகளுக்குக் கொடுப்பான். அந்த மகள் பிள்ளை பெறும்போது வெளியே தெரியும். பாட்டிக்கு இரட்டை, மகனுக்கு ஒன்றுமில்லை, பேத்திக்கு இரட்டை. "ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை" என்று சொல்கிறோமே, அது இப்படி வந்த பேச்சாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உண்மையில் எதுவும் தாண்டிக் குதிப்பதில்லை. பாட்டிக்குப் பிறந்த மகளுக்கும் அதே வாய்ப்பு இருந்திருக்கும். ஆனால் நம்ம வம்சக் கணக்கில் மகள் கட்டிக்கொடுத்துப் போனவள். அவளுக்கு இரட்டை பிறந்தால் அது வேறு வீட்டுக் கணக்கு. மகன் வழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தாண்டித்தான் வரும்.

குடும்பத்தில் ஓடுவது ஒரு ஊர் முழுக்க ஓடினால் எப்படி இருக்கும்? கேரளத்தில் மலப்புரம் பக்கம் கொடிஞ்ஞி என்ற ஊரைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். பிரேசில் நாட்டின் தெற்குக் கோடியில், ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில், அர்ஜென்டினா எல்லைக்குப் பக்கத்திலும் ஒரு ஊர் இருக்கிறது. கான்டிடோ கொடோய். ஜெர்மனியில் இருந்து போய்க் குடியேறியவர்களின் வழிவந்த விவசாயிகள் நிறைந்த ஊர். அதிலும் சாவோ பெட்ரோ என்ற சின்னக் குடியிருப்பில்தான் கூத்தே. 1990-94-ல் அங்கே நடந்த பிரசவங்களில் சுமார் 10 சதவீதம் இரட்டை. உலகக் கணக்கு நூற்றுக்கு ஒன்று சொச்சம்தான்.

ஊர்க்காரர்கள் தண்ணீர்தான் காரணம் என்றார்கள். (எந்த ஊராக இருந்தாலும் தண்ணீர் மேல்தான் முதல் பழி!) பிறகு இன்னொரு பயங்கரமான கதை கிளம்பியது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இரட்டைக் குழந்தைகளைத் தேடிப் பிடித்துப் பரிசோதனை என்ற பெயரில் சித்திரவதை செய்த நாஜி டாக்டர் ஜோசப் மெங்கலே. போருக்குப் பிறகு 1949-ல் அர்ஜென்டினாவுக்குத் தப்பி, பராகுவே போய், பிறகு பிரேசிலில் ஒளிந்து வாழ்ந்து, 1979-ல் அங்கேயே கடலில் மூழ்கிச் செத்தான். இந்த ஆள் 1960-களில் கால்நடை வைத்தியன் வேஷத்தில் கான்டிடோ கொடோய்க்கு வந்து பெண்களுக்கு ஏதோ மருந்து கொடுத்தான், அதனால்தான் இரட்டையர் என்று 2008-ல் அர்ஜென்டினாவின் ஹோர்ஹே கமராசா ஒரு புத்தகத்தில் எழுதினார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அள்ளிக்கொண்டன. பரபரப்புக்குக் கேட்கவா வேண்டும்?

அந்த ஊர்ப் பெண்களை நினைத்துப் பாருங்கள். தங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு கொலைகாரன் காரணம் என்று ஊர் உலகம் பேசுகிறது.

போர்ட்டோ அலெக்ரே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்து மரபியலாளர்கள் உர்சுலா மட்டே, லவீனியா ஷூலர்-ஃபச்சினி குழுவினர் இதை ஆராய்ந்தார்கள். மறுபடியும் பதிவேடுதான். கத்தோலிக்கத் தேவாலயங்களில் 1959 முதல் 2008 வரையிலான 6262 ஞானஸ்நானப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மெங்கலே வந்து ஏதாவது செய்திருந்தால் 1964-68 வாக்கில் இரட்டைப் பிறப்பு திடீரென்று எகிறியிருக்க வேண்டும். எகிறவில்லை. ஐந்து பத்தாண்டுகளாக விகிதம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. 2011-ல் ஆய்வு வெளியானது.

அப்போ காரணம்? முதலில் குடியேறிய சில குடும்பங்களோடு அந்தத் தன்மை வந்திருக்கிறது. ஒதுக்குப்புறமான ஊர், அவர்களுக்குள்ளேயே கல்யாணம். இரட்டையர்களின் வம்சத்தில் உறவுக்குள் கல்யாணம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்றும் கணக்குக் காட்டியது. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சின்னக் கூட்டத்துக்குள் ஒரு மரபணு சுற்றிச் சுற்றி வந்தால் அங்கே அது அடர்த்தியாகிவிடும். பிற்பாடு செய்த ஆய்வில், டிபி53 என்ற மரபணுவின் ஒரு வடிவம் அந்த ஊரில் இரட்டையரைப் பெற்ற அம்மாக்களிடம் கூடுதலாக இருப்பதும் தெரிந்தது. மெங்கலேயும் இல்லை, தண்ணீரும் இல்லை. எல்லாம் அம்மாக்களும் பாட்டிகளும் கொண்டுவந்தது.

2016-ல் இன்னும் ஒரு படி. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த டோரெட் பூம்ஸ்மா உள்ளிட்ட குழு, ரெண்டு முட்டை இரட்டையரை இயற்கையாகப் பெற்ற 1980 அம்மாக்களின் மரபணுக்களை அலசியது. ரெண்டு இடங்கள் அகப்பட்டன. ஒன்று, கருமுட்டையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனோடு சம்பந்தப்பட்டது. இன்னொன்று, அந்த ஹார்மோனுக்கு சினைப்பை எப்படி எதிர்வினை செய்கிறது என்பதோடு சம்பந்தப்பட்டது. முதலாவது வாய்ப்பை 18 சதவீதம் கூட்டுகிறது, ரெண்டாவது 9 சதவீதம். கேட்கப் பெரிதாக இருக்கும். 1000 பிரசவத்துக்கு 10 என்று இருந்தது 12 ஆகும், அவ்வளவுதான். வைன்பெர்க் ஒரே ஒரு மரபணுவைத் தேடினார். இருப்பதோ பல சின்னச் சின்ன மரபணுக்கள். கூடவே அம்மாவின் வயது, முன்னால் எத்தனை பிரசவம், கருத்தரிப்புச் சிகிச்சை எல்லாம் சேர்கின்றன. 1980-களில் உலகத்தில் 1000 பிரசவத்துக்கு 9 என்று இருந்த இரட்டைப் பிறப்பு, 2010-15 வாக்கில் 12 ஆனதற்கு, சிகிச்சையும் வயதான பிறகு பிள்ளை பெறுவதும்தான் முக்கியக் காரணம்.

இப்போ வீட்டுக்கு வருகிறேன். தங்கச்சிக்கு எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. ஒன்று ஆண், ஒன்று பெண். மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டி. இப்போ ரெண்டும் தவழ்ந்து வீட்டைத் துவம்சம் செய்கின்றன. ஆண்-பெண் ஜோடி என்பதால் சந்தேகமே இல்லை, ரெண்டு முட்டை வகை. வைன்பெர்க் கணக்கில் உடனே விழும்.

அப்படியென்றால் எங்கள் பக்கம் யாருக்கு இரட்டை? பெரியப்பாவிடம் ஒரு வம்சாவளி நோட்டு உண்டு. ஏழு தலைமுறை. எல்லாம் ஆண்கள். அதில் அம்மா வழி எங்கே இருக்கப் போகிறது? அம்மாச்சியிடம் கேட்டேன். எண்பத்தாறு வயசு, காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் படு சுத்தம்.

"எங்க ஆத்தாவுக்கு எனக்கு முன்னால ரெண்டு பொறந்துச்சுடா. ரெண்டும் பொட்டப்புள்ளைக. ஏழாம் நாளு ஒண்ணு, ஒம்போதாம் நாளு ஒண்ணுன்னு போயிருச்சுக."

"பேரு என்ன அம்மாச்சி?"

"பேரு வைக்கிறதுக்குள்ளதான் போயிருச்சுகளே."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "என் தங்கச்சி மகன், சிவகங்கையில இருக்கான்ல, அவன் கூட ஒரு புள்ள பொறந்துச்சு. பொம்பளப்புள்ள. அது தங்கல." நாற்பது வருஷமாக அந்த மாமாவைத் தெரியும். அவர் இரட்டையில் ஒருவர் என்று எங்கள் யாருக்குமே தெரியாது. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அம்மாச்சி, "நீங்க யாரு கேட்டீக?" என்றார்.

முதல் ஜோடி ரெண்டும் பெண் என்பதால் எந்த வகை என்று சொல்ல முடியாது. மாமா ஜோடி நிச்சயம் ரெண்டு முட்டை. எங்கள் குடும்பத்தில் இருந்திருக்கிறது. எழுதித்தான் வைக்கவில்லை.

தங்கச்சிக்கு போன் போட்டுச் சொன்னேன். சிரித்தாள். "அத்தைகிட்ட சொல்லிறவா?" என்றாள். தாராளமாகச் சொல், ஆனால் சண்டைக்குப் போகாதே என்றேன். சம்பந்தியம்மா சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் மாமனார் வழியில் அந்த மரபணு இருந்திருந்தால், தங்கச்சியின் பிரசவத்தில் அதற்கு வேலையில்லை. ஆனால் பிறந்திருக்கிற பேத்தியிடம் அது இருக்கலாம். அம்மா வழியும் சேர்ந்து அவளிடம் இருக்கலாம். அவள் வளர்ந்து பிள்ளை பெறும்போதுதான் தெரியும்.

அதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அம்மாச்சி சொல்லச் சொல்ல எழுதினேன். அவருடைய ஆத்தா, அவருக்கு ஆத்தா, கூடப்பிறந்த பெண்கள், யார் யாருக்கு எத்தனை பிரசவம், எத்தனை தங்கியது. நான்கு பக்கம் வந்திருக்கிறது. பெயர் தெரியாத இடத்தில் "பெண், ஏழாம் நாள்" என்று எழுதியிருக்கிறேன். நோட்டைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன். பேத்திக்கு ஆகும்.

உங்கள் வீட்டிலும் ஒரு அம்மாச்சியோ அப்பத்தாவோ இருந்தால், இந்த வாரமே போய்க் கேட்டு எழுதி வையுங்கள். நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

பி.கு: ரெட்டை வாழைப்பழத்தைப் பெண்பிள்ளைகள் தாராளமாகச் சாப்பிடலாம். பழத்துக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை. என் இலைக்கு வருவது நின்றுபோகும், அதுதான் வருத்தம்.